பச்சை இலைகளும் பன்னிரண்டு கிலோ வஞ்சிரமும்

பாதி தெரிந்த வேலையைத்தான் நான் முழு தைரியத்தோடு செய்வேன். முழுதாகத் தெரிந்த வேலை என்று எனக்கு இதுவரை எதுவும் அமையவில்லை.

சூரத்தில் சாயப்பட்டறை, விஜயவாடாவில் லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு, ராயபுரத்தில் அக்கா வீட்டுக்குத் திரும்பியிருந்தேன். டோல்கேட் அருகே ஒரு கடையில் வேலை கிடைத்தது. ஊரே ஒரே நேரத்தில் கரண்ட்டை இழுத்தால் லைன் தாங்காது அல்லவா? அதற்காக ஒரு பெட்டி விற்றார்கள். வீட்டில் கரண்ட் செலவு ஓர் அளவைத் தாண்டினால், அவசரமில்லாத ஒரு பொருளை அது நிறுத்திவைக்கும். செலவு இறங்கியதும் மறுபடி ஓடவிடும். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாம் நாள் அக்கா வீட்டில் ஒன்றை மாட்டினேன். (யாரும் கேட்கவில்லை.)

அவசரமில்லாத பொருளாக ஃப்ரீசரைத் தேர்ந்தெடுத்தேன். அரை மணி நேரம் நின்றாலும் குளிர் போகாது என்று முதலாளி சொல்லியிருந்தார். நிறைய மிச்சமாகட்டும் என்று அளவையும் நன்றாக இறக்கி வைத்தேன்.

மறுநாள் விடியற்காலையில் அக்கா அந்த ஃப்ரீசரில் பன்னிரண்டு கிலோ வஞ்சிரம் வைத்தாள். அடுத்த நாள் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். அக்கா காசிமேட்டில் மீன் விற்பவள். அவள் வீட்டு விருந்தில் மீன் கெட்டால் சம்பந்தி வீட்டோடு மார்க்கெட்டும் சேர்ந்து சிரிக்கும்.

காலையிலேயே சொந்தக்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஏ.சி., ஹீட்டர், மிக்ஸி, இஸ்திரிப் பெட்டி எல்லாம் ஓய்வில்லாமல் ஓடின. கரண்ட் மிச்சம் பிடித்ததற்குப் பரிசாக, பெட்டியோடு இணைத்த என் போனில் ஒரு பச்சை இலை முளைத்தது. பிறகு இன்னொன்று. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவனுக்கு வேறு யார் பரிசு கொடுத்தார்கள்? வந்தவர்களிடமெல்லாம் காட்டினேன். மாலை நான்கு மணிக்கு ஏழாவது இலையை அக்கா கணவரிடம் நீட்டினேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர், நிதானமாகப் பார்த்தார்.

"எல்லாந்தான் ஓடிக்கினு கீதே. அப்பால நீ இன்னாத்தடா நிறுத்தி மிச்சம் புடிச்ச?"

ஓடிப்போய்ப் பார்த்தால் ஃப்ரீசர் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. பேசின் பிரிட்ஜில் எந்த ரயில் மெதுவாகப் போகும், எதில் ஏறலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தது.

அக்கா வந்து மூடியைத் திறந்தாள். ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள்; வயிற்றை அழுத்தினாள். செவுள் சிவப்பாக இருந்தது. சதை விறைப்பாக இருந்தது. மீனுக்கு மேலும் கீழும் துறைமுகத்து உடைத்த ஐஸ், பாதிக்கு மேல் உருகாமல் கிடந்தது.

"இருபது வருசமா மீன் விக்கிறேன். கரண்ட்ட நம்பியா மீன வெப்பேன்? போ, பொட்டியக் கழட்டிட்டு வந்து துண்ணு."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் மாப்பிள்ளையின் அப்பா மூன்றாவது துண்டு கேட்டபோதுதான் எழுந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டி இப்போது ஃப்ரீசரை விட்டு ஹீட்டரோடு மாட்டியிருக்கிறது. ஒழுங்காகவே வேலை செய்கிறது. நான்தான் மாறவில்லை, இன்னும் ஊர் சுற்றுகிறேன். எந்த ஊரிலிருந்து வருவதாகப் போன் செய்தாலும், அக்கா மகள் ரயில் நேரத்தைக் கேட்பதற்கு முன்பே உள்ளே திரும்பிச் சொல்வது என் காதில் விழும்:

"எம்மா, மாமா வருதாம். ஒரு மூட்ட ஐஸு சொல்லி வெய்யி."