ஒத்துக்கொண்டால் பாதியாகும்

கிள்ளானில் முட்டளவு சேறாகக் கிடந்த இடத்தில் லோரி பட்டறை போட்டவன் நான். மண் கொட்டி மேடாக்கியது நான். கூரைக்குத் தகரம் ஏற்றியது நான். படித்தது ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. (அதிலும் பாதி நாள் வாத்தியார் வரமாட்டார்.) இத்தனையும் கட்டியவன், ஒரே ஒரு 'ஆமா'வில் பாதியைக் கோட்டை விட்டேன்.

கோர்ட்டு எனக்குப் புதிதல்ல. பெட்டாலிங் ஜெயாவில் சிவப்பு விளக்கைத் தாண்டியதற்காக ஒருமுறை கூண்டில் ஏற்றினார்கள். உடனே தப்பை ஒத்துக்கொண்டேன். மனைவிக்கு உடம்பு முடியவில்லை என்று கண்ணைக் கசக்கினேன். அபராதம் பாதியானது. அன்றிலிருந்து, கிள்ளான் தொடங்கி ரவாங் வரைக்கும் உள்ள லோரிக்காரர்களுக்குக் கோர்ட்டு ஆலோசனை சொல்பவன் நான்தான்.

அப்புறம் என் தம்பி சிவலிங்கம் வழக்குப் போட்டான். பட்டறையில் தானும் பங்காளி, பாதி இடம் தனக்கு என்றான். நிலமோ என் பெயரில். அவன் என்னிடம் சம்பளத்துக்கு இருந்தவன். எனக்காக வாதாட வந்த பிரிக்ஃபீல்ட்ஸ் வக்கீல் பெண் படித்துப் படித்துச் சொன்னாள்.

"அங்கிள், இது சிவில் கேஸ். யாரும் உங்கள தண்டிக்கப் போறதில்ல. தம்பி பங்காளியான்னு கேப்பாங்க. இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அவ்ளோதான் லா."

"எனக்கே கோர்ட்டு சொல்லித் தர்றியாம்மா?"

கூண்டில் ஏறினேன். தம்பியின் வக்கீல் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: "ஆரம்பத்துலேருந்தே உங்க தம்பி பங்காளி. சரிதானே?"

நீதிபதி (இங்கே 'துவான்' என்றுதான் கூப்பிட வேண்டும்) முகம் கடுகடுவென்று இருந்தது. பழைய வித்தையை எடுத்தேன்.

"ஆமா துவான். எல்லாம் என் தப்புதான். பொண்டாட்டிக்கு உடம்பு முடியல. பாத்துக் குறைச்சிப் போடுங்க."

(பொண்டாட்டி பின்வரிசையில் கல்லுக்குண்டாக உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தாள்.)

"உங்க மேல குற்றச்சாட்டே இல்லை. அவர் பங்காளின்னு ஒத்துக்கிறீங்களான்னு துவான் கேக்கறார்" என்றார் மொழிபெயர்ப்பாளர்.

"முழுசா ஒத்துக்கிறேன் துவான்!"

வக்கீல் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தம்பி ஓடிவந்து என் கையைப் பிடித்தான். கண் கலங்கியிருந்தது. "இந்த ஒரு வார்த்தைய வீட்டுலயே சொல்லியிருந்தா நான் கோர்ட்டுக்கே வந்திருக்க மாட்டேண்ணே."

"அட போடா, அபராதத்தைக் குறைக்கட்டும்னுதான் அப்படிச் சொன்னேன்."

அவன் கை என் கையிலிருந்து நழுவியது. அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை.

தீர்ப்பும் அவன் பக்கமே வந்தது. இப்போது பட்டறைக்கு நடுவே சுவர். என் லோரிகள் திரும்ப இடமில்லாமல் பின்னோக்கியே ரோட்டுக்குப் போகின்றன. வீட்டில் பேரப்பிள்ளை கண்ணாடி கிளாஸை உடைத்தால் என் மகள் சொல்வது இதுதான்: "தாத்தா மாதிரி ஒத்துக்கோடா, பாதி அடிதான் விழும்." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் தம்பி இருமுவது கேட்கிறது. அவன் வாசலில் புதுப் பலகை: 'நிறுவியவர்: சிவலிங்கம்.'

டேய் தம்பி, அந்தப் பக்கத்துச் சேற்றிலும் மண் கொட்டியவன் நான்தான். உன் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அதற்குக் கீழே, சின்ன எழுத்திலாவது, என் பெயரையும் போடு.