பெர்மனென்ட் கத்திரி நாற்று

நெய்வேலி நகரியத்தில் ஒரு மனிதரைப் பற்றி இரண்டு சேதி தெரிந்தால் போதும், மூன்றாவது சேதியை யாரும் கேட்பதில்லை. எந்த பிளாக்? பெர்மனென்டா, காண்ட்ராக்டா? இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால், பெயரைக்கூடப் பிறகு சாவகாசமாக விசாரித்துக்கொள்ளலாம். மனிதர்களோடு நின்றிருந்த இந்த நல்ல வழக்கம் கத்திரி நாற்றுக்கும் வந்து சேர்ந்த வரலாறு இது.

சந்தியாகு சுரங்கத்தில் ஃபோர்மேன். பெர்மனென்ட். ஆடி பிறந்ததும் குவார்ட்டர்ஸ் பின்பக்கம் கத்திரி விதை போடாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. நெல்லிக்குப்பத்துக் கடையில் வாங்கும் விதையில் பாதிதான் முளைக்கும் என்பது அவர் பல வருஷமாகப் பட்டுத் தெரிந்துகொண்டது. அதனால் தேவைக்கு மேல் ஒரு பங்கு கூடுதலாகவே தூவுவார். அந்த வருஷம் கடைக்காரருக்கு என்ன புத்தி வந்ததோ, நல்ல விதையைக் கொடுத்துத் தொலைத்துவிட்டார். தூவியது அத்தனையும் முளைத்தது. மீன் வந்த தெர்மாகோல் பெட்டிகள் நிறைந்தன. ஓட்டை பக்கெட் நிறைந்தது. பழைய ஹெல்மெட் ஒன்றை மல்லாத்திப் போட்டு அதிலும் நாற்று நின்றது.

மிஞ்சிய நாற்றை அவர் எந்த வருஷமும் வீணாக்கியதில்லை. வேரோடு மண் ஒட்ட எடுத்து, ஈரச் சாக்கில் சுற்றி, கேட்டுக்கு வெளியே வைத்துவிடுவார். ஷிஃப்ட் முடிந்து போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வேண்டியதை எடுத்துக்கொள்வார்கள். சிலர் நன்றி சொல்வார்கள். சொல்லாமல் போனவர்கள் ஐப்பசியில் நாலு கத்திரிக்காயோடு வந்து நிற்பார்கள். இதற்கு யாரும் உத்தரவு போட்டதில்லை என்பதால் பல காலமாக ஒழுங்காக நடந்துவந்தது.

“ஏங்க, நம்ம ஷைனிக்கு ஒரு எடம் வந்துருக்குங்க. குறிஞ்சிப்பாடிலருந்து” என்றாள் அவர் மனைவி மேரிசெல்வி.

“இரு மேரி. மொதல்ல இதுங்களுக்கு ஒரு எடம் பாக்கறேன். இன்னும் பத்து பன்னெண்டு நாள்ல மண்ணுக்குப் போவலன்னா முத்திப்பூடும். பெத்த புள்ளைங்க மாரி நின்னுகினு இருக்குது பாரு.”

பெற்ற பிள்ளை ஷைனி ஜன்னல் வழியாக இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயம் பார்த்துத்தான் நகரியத்தில் மாடித் தோட்ட மோகம் பரவியிருந்தது. வீட்டைச் சுற்றி மாமரமும் பலாமரமும் நிற்கிற அளவுக்கு மண் கிடந்தது. ஆனால் மண்ணில் செடி வைப்பது பழைய பாணி. ஆகவே தரையிலிருந்த மண்ணை அள்ளிப் பையில் கட்டி, ஏணி வைத்து மொட்டைமாடிக்கு ஏற்றினார்கள். பக்கத்து வீட்டுச் செங்கமலம் அப்படி ஏற்றிய பைகளில் இருந்த கீரைக்கெல்லாம் பெயர் வைத்து, தினமும் ‘பசுமைக் கரங்கள்’ வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டாள். அந்தக் கையோடு சந்தியாகுவின் கேட்டையும் நாற்றையும் ஒரு படம் எடுத்து, “யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்” என்று எழுதிப் போட்டாள்.

அந்தக் குழுவில் சண்முகசுந்தரம் இருந்தார்.

அவர் நகரியத்தின் பசுமைச் சீரமைப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்த அதிகாரி. அதற்கு முன் இருபது வருஷம் ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எண்ணியவர். நேர்மையானவர், லஞ்சம் வாங்காதவர், ஞாயிற்றுக்கிழமையும் ஆபீஸுக்கு வருகிறவர். ஆக, தப்பிக்க ஒரு வழியும் இல்லை. ‘யார் வேண்டுமானாலும்’ என்ற சொல்லைப் படித்ததும் அவருக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. மறுநாள் காலை ஜீப் வந்து நின்றது.

“மிஸ்டர் சந்தியாகு, இந்த நாற்று யாருடையது?”

“என்னுதுதாங்க சார்.”

“மண்?”

“நிர்வாகத்துது.”

“தண்ணீர்?”

“அதுவும் நிர்வாகத்துதுதாங்க.”

“வெயில்?”

சந்தியாகு அண்ணாந்து பார்த்தார். “அது வந்துங்க…”

“குவார்ட்டர்ஸ் எல்லைக்குள் விழுகிற வெயில்” என்று சண்முகசுந்தரமே முடித்துவைத்தார். “ஆக விதை உங்களுடையது, விளைவு எங்களுடையது. பயப்படாதீர்கள், உங்கள் மேல் நடவடிக்கை இல்லை. முறைப்படுத்திவிடலாம். நாற்றுப் பகிர்வு விழா ஒன்று நடத்துவோம். நாற்பது நாற்றுக்கு நான் சாங்ஷன் வாங்கித் தருகிறேன்.”

“முந்நூறுக்கு மேல கெடக்குதே சார். மீதி?”

சண்முகசுந்தரம் நெற்றியைத் தடவிக்கொண்டார். சாங்ஷனுக்கு மேல் இருப்பதை என்னவென்று சொல்வது? இருக்கிறது, வேலை செய்கிறது, ஆனால் கணக்கில் இல்லை. ஜீப்பில் ஏறப்போனவர் சட்டென்று முகம் மலர்ந்து திரும்பினார்.

“மீதியெல்லாம் காண்ட்ராக்ட்” என்றார்.

எவ்வளவு எளிய விஷயம் என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

பெர்மனென்ட் நாற்பதைப் பொறுக்க மறுநாளே தேர்வு நடந்தது. சண்முகசுந்தரம் ஸ்கேல் வைத்து உயரம் அளந்தார். சுவரோரம் நிழலில் வெயிலுக்கு ஏங்கி நெடுநெடுவென்று வளர்ந்திருந்த நாற்றுகளெல்லாம் தேர்வாயின.

“சார், இதுங்க தண்டுல பலமில்ல சார். காத்தடிச்சா சாஞ்சிடும். அதோ குட்டையா, தடியா நிக்குது பாருங்க, அதாங்க காய்க்கிற ஜாதி.”

“சிபாரிசு செய்யாதீர்கள், மிஸ்டர் சந்தியாகு.”

தேர்வான நாற்றுக்கு நீல வர்ணம் அடித்த தகடு கட்டப்பட்டது. மற்றவற்றுக்குச் சணல் கயிறு. பிறகு விதிமுறைகள் வந்தன. பெர்மனென்ட் நாற்றுக்கு மூன்று ஷிஃப்டும் தண்ணீர். காண்ட்ராக்ட் நாற்றுக்கு வேலை செய்த நாளில் மட்டும் தண்ணீர்.

“நாத்து என்னா சார் வேல செய்யும்?” என்றார் சந்தியாகு.

“புது இலை விட வேண்டும். இலை விட்டால் தண்ணீர். விடாத நாளில் கிடையாது. ஞாயிறு விடுமுறை, அன்றைக்கும் கிடையாது. பத்து நாளைக்கு ஒரு முறை பிடுங்கி வைத்து, ஒருநாள் கழித்து மறுபடி நட வேண்டும்.”

“எதுக்கு சார்?”

“தொடர்ந்து ஒரே இடத்தில் நின்றுவிட்டால் பிறகு பெர்மனென்ட் கேட்கும்.”

“புடுங்குனா செத்துடும் சார்.”

“மனிதர்களே சாகவில்லையே, மிஸ்டர் சந்தியாகு” என்றார் சண்முகசுந்தரம் கனிவாக.

இதையெல்லாம் நடைமுறைப்படுத்த முத்தாண்டிக்குப்பத்துக் கொளஞ்சியப்பன் அமர்த்தப்பட்டார். பூங்காவுக்குத் தண்ணீர் விடும் வேலையில் பத்தொன்பது வருஷமாகக் காண்ட்ராக்டில் இருப்பவர். அவராவது இரக்கப்படுவார் என்று சந்தியாகு நம்பினார். கொளஞ்சியப்பனோ மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு நாற்றாகக் குனிந்து பார்த்து, “எல வுடல. தண்ணி கட்” என்று தள்ளிக்கொண்டே போனார்.

“ஏம்பா, கொஞ்சம் ஊத்தினாதான் என்னாவாம்? வாடிக்கினு நிக்குதே, பாக்கப் பாவமா இல்ல?”

“எங்கள யாரு சார் பாவம் பாத்தா? பத்தொம்பது வருசமா நாங்க இப்டித்தான் நின்னுகினு இருக்கோம். இதுங்க நேத்து மொளச்சிதுங்க. அதுக்குள்ள சலுக கேக்குதா?”

சந்தியாகு, கொளஞ்சியப்பன் சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, திருடன் மாதிரி சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினார். ஒரே நாள், ஒரே கையால் தூவிய விதை. இதில் எப்படி ஒன்று மேல், ஒன்று கீழ் ஆகும் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

“அநியாயம் மேரி. என்னா பாவம் பண்ணுச்சு இதுங்க?”

“அநியாயந்தாங்க. அந்தக் குறிஞ்சிப்பாடிப் பையன்…”

“இந்தச் சமயத்துல கல்யாணப் பேச்சா? எம்மனசே சரியில்ல.”

விழா கம்யூனிட்டி ஹாலில் நடந்தது. பந்தல், மைக், வரவேற்புரை, நாற்றுக்குப் பொன்னாடை. கூட்டம் முழுக்க நீலத் தகடு இருந்த மேசையைத்தான் மொய்த்தது. அந்த நாற்பதுக்கும் முந்தின நாளே சிபாரிசு வந்து ஆயிற்று. சணல் கயிறு மேசைக்குப் பக்கத்தில் விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

“செங்கமலம், ரெண்டு எடுத்துக்கினு போம்மா. உன் போட்டோவப் பாத்துத்தான் இம்மாம் விழாவும்” என்றார் சந்தியாகு.

“இது நாட்டு விதையாண்ணே?”

“நாட்டு விதைதான்.”

“சாணி நாட்டுமாட்டுச் சாணியா?”

“அந்த மாட்ட நீயே பாத்துருக்க. தெனம் உன் வூட்டு கேட்டத் தொறந்துகினு வருதே, அந்த மாடுதான்.”

“எல்லாம் சரிண்ணே” என்று செங்கமலம் குரலைத் தாழ்த்தினாள். “காண்ட்ராக்டாச்சே. நாளைக்கு நாலு பேரு மாடிக்கு வந்து பாத்தா என்னா சொல்றது? பெர்மனென்ட் ரெண்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன்.”

எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். சந்தியாகு சணல் கயிறு நாற்றுகளைப் பெட்டியோடு வீட்டுக்கே தூக்கிவந்து, பின்பக்கம் கிடைத்த இடத்திலெல்லாம் நட்டார். நடும்போது அவருக்குக் கண் கலங்கியது.

நாற்பது பெர்மனென்ட் நாற்றும் போன வீட்டிலெல்லாம் ராஜமரியாதையோடு வாழத் தொடங்கின. காலை ஷிஃப்டில் தண்ணீர், மதிய ஷிஃப்டில் தண்ணீர், இரவு ஷிஃப்டிலும் ஆள் போய் எழுப்பித் தண்ணீர். கத்திரி நாற்று எவ்வளவுதான் குடிக்கும்? ஒரு வாரத்தில் வேர் அழுகியது. நெடுநெடு தண்டுகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. செங்கமலத்தின் இரண்டும் ஒரே நாளில் போயின.

இங்கே சந்தியாகுவின் கொல்லையில், கொளஞ்சியப்பன் விதிப்படி வந்து பத்து நாளைக்கு ஒரு முறை பிடுங்கி நட்டதில் முக்கால்வாசி போய்விட்டது. அதிலும் தப்பியவை பட்டினிக்குப் பழகி, வேரை ஆழமாக விட்டு, முரட்டுத்தனமாக எழுந்து நின்றன.

விஷயம் சண்முகசுந்தரத்துக்குப் போனது. பணியில் இருக்கும்போதே உயிர்நீத்த நாற்றுக்கு ஒருநிமிட மௌன அஞ்சலி செலுத்திவிட்டு, காலி இடத்தை வாரிசுக்குக் கொடுக்க அவர் ஆணையிட்டார். யார் வாரிசு என்பதில்தான் சிக்கல். எல்லாமே ஒரே காயின் விதை, எல்லாம் உடன்பிறப்பு. இதை ஆராய ஒரு குழு போட்டார். அந்தக் குழு இன்னும் கூடவில்லை.

ஜனங்களுக்கு அவ்வளவு பொறுமை ஏது? ஒருநாள் சாயந்திரம் செங்கமலம் கூடையோடு பின்பக்கம் வந்தாள்.

“அண்ணே, ரெண்டு குடுங்கண்ணே.”

“காண்ட்ராக்டாச்சேம்மா.”

“கயித்த அவுத்துட்டாத் தெரியவா போவுது?”

இரண்டைப் பிடுங்கி, சணல் கயிற்றை அவிழ்த்து எறிந்தாள். செத்த நாற்றின் நீலத் தகடு அவள் முந்தானையில் முடிந்திருந்தது. அதை எடுத்துக் கட்டிக்கொண்டு போனாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். நீலத் தகடுகள் தீரும்வரை வந்துகொண்டே இருந்தார்கள்.

ஐப்பசியில் நகரியம் முழுக்கக் கத்திரிக்காய் காய்த்துத் தள்ளியது. பெர்மனென்ட் செடிகளின் வரலாறு காணாத விளைச்சலைப் பாராட்டி மறுபடி ஒரு விழா. “முறையான பராமரிப்பு என்ன சாதிக்கும் என்பதற்கு இது சான்று” என்று சண்முகசுந்தரம் பேசினார். சந்தியாகுவுக்குச் சால்வை போர்த்தினார்கள். சணல் கயிறு நாற்றைப் பற்றி மைக்கில் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்றுதான் அவர் மேடை ஏறினார். சால்வை நல்ல கனமாக இருந்தது. பேசாமல் இறங்கி வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லையில் மீந்து நின்ற சணல் கயிறு செடிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு செடியிலும் கிளை தாழக் காய்.

“பாத்தியா மேரி? காய்க்கிறது பூராம் இதுங்க. பேரு அதுங்களுக்கு. ஒரு தகட்ட வச்சி ஒண்ண ஒசத்தி, ஒண்ணத் தாழ்த்தி… மனுசனா இவனுங்க? கொணத்தப் பாக்க வாணாம்? ஒழைப்பப் பாக்க வாணாம்?”

மேரிசெல்வி இத்தனை நாள் காத்திருந்தது இந்த வார்த்தைக்குத்தான். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“நீங்க சொல்றதுதாங்க நெஜம். அந்தக் குறிஞ்சிப்பாடிப் பையன் ஆல்பின் அப்பிடித்தான். தங்கமான கொணம். குடி கெடையாது. நம்ம மைன்ஸ்லதான் வேல. ஒரு நாள் லீவு போட மாட்டானாம். ஷைனிக்கும் புடிச்சிருக்கு.”

சந்தியாகுவின் முகம் மலர்ந்தது. ஒரு கத்திரிக்காயைத் தடவிக்கொண்டே கேட்டார்.

“மைன்ஸ்லயா? பெர்மனென்ட்தான?”

“காண்ட்ராக்ட்டுங்க.”

கை நின்றது. காயை விட்டுவிட்டுச் சால்வையைச் சரிசெய்துகொண்டார்.

“நல்ல பையன்தான் மேரி. நான் ஒண்ணும் தப்பாச் சொல்லல. ஆனா நமக்கு இருக்கிறது ஒரே பொண்ணு. மாப்ள எடமும் ஒண்ணே ஒண்ணுதான். நாளைக்கு நாலு பேரு கேட்டா என்னா சொல்றது? அவனுக்கு பெர்மனென்ட் ஆவட்டும், அப்பறம் பாப்போம். இப்ப ஒரு டீ போடு.”

மேரிசெல்வி எழுந்தாள். கொளஞ்சியப்பனைப் போலவே குனிந்து, அவரைத் தலையிலிருந்து கால்வரை உற்றுப் பார்த்தாள்.

“இன்னிக்குப் புது எல எதுனா வுட்டீங்களா?”

“எலயா? நானா? இல்லயே.”

“அப்ப டீ கட்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சந்தியாகு சால்வையோடு கத்திரிச் செடிகளுக்கு நடுவே எழுந்து நின்றார். உள்ளே ஷைனி சிரிக்கும் சத்தம் கேட்டது. நாளை ஞாயிற்றுக்கிழமை, காண்ட்ராக்டுக்கு விடுமுறை என்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.