பாகூர் அரிகரன் வீட்டு கேஸ் கசிவு

இந்த வாரத்துக்குள் எப்படியாவது பெண்டாட்டியை ஊருக்கு வரவழைத்துவிடுவது என்று பாகூர் அரிகரன் முடிவெடுத்தார். மகள் இளவரசியின் பிரசவத்துக்காக ஓசூர் போன தையலம்மாள், முப்பது நாளில் வருகிறேன் என்றவள். அறுபது நாளாகிவிட்டது. கரும்பு வெட்டு முடிந்து வயலிலும் வேலை இல்லை. வீட்டில் ஆள் குரல் கேட்கட்டும் என்று டிவியை ஓடவிட்டுத்தான் குளிக்கவே போனார். பிளான் மாற்றச் சொல்லி செல்போன் கம்பெனியிலிருந்து பேசிய பெண்ணிடம் எந்த ஊர், சாப்பிட்டாச்சா என்றெல்லாம் விசாரித்தார். அவளே போனை வைத்துவிட்டாள்.

இதையெல்லாம் பெண்டாட்டியிடம் சொன்னால் மானம் என்ன ஆவது? கேஸ் கசிகிறது என்று சொல்லலாம்.

காலை பத்து மணிக்கு ஹாலில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு போன் போட்டார். நாற்றம் குடலைப் பிடுங்குகிறது, தெருவே காலி ஆகிவிடும் போல இருக்கிறது என்றார். தையலம்மாள் பதறவில்லை. சுவிட்ச் எதையும் தொடாதீர்கள், சிலிண்டரை மூடி ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றாள். நாற்றம் போனதும் சிலிண்டரைத் திறந்து டியூபில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்கச் சொன்னாள். கசிகிற இடத்தில் நுரை பொங்குமாம்.

அரிகரன் அசையாமல் அரைமணி நேரம் பேப்பர் படித்தார். பிறகு மூச்சிரைக்கக் கூப்பிட்டார்.

"ரெகுலேட்டர்ல டியூப் சேர்ற எடத்துல பொங்குது தையலு. பணியாரம் பணியாரமா வருது."

"நல்லா பாத்தீங்களா?"

"கைய வெச்சே பாத்தேன். நீ வந்தாதான் ஆவும்."

கேஸ் ஜெயித்துவிட்டது என்று நினைத்தார்.

"ஏங்க, அடுப்ப அணைக்க மறந்துடுவீங்கன்னு, நான் கெளம்புன அன்னிக்கே சிலிண்டர கழட்டி பக்கத்து வூட்டு செல்வகுமாரிகிட்ட குடுத்துட்டேன். உள்ள போய்ப் பாருங்க."

போனார். மேடைக்குக் கீழே சிலிண்டர் நின்ற இடத்தில் துருக்கறை வட்டம் மட்டும் இருந்தது. டியூபைச் சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தாள். அவள் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் அப்படியே தூசி படிந்து கிடந்தன. அறுபது நாளில் அவர் சமையலறை வாசலைத் தாண்டவே இல்லை.

"ரெண்டு மாசமா இன்னாதான் சாப்புடறீங்க?"

மெஸ்ஸில் என்றார். சாப்பாடு பரவாயில்லை, ஆனால் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்றார். அதைச் சொல்ல நினைக்கவில்லை. வந்துவிட்டது.

தையலம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நான் இன்னும் ரெண்டு மாசத்துக்கு வர முடியாது. நீங்க கெளம்பி இங்க வாங்க. கொழந்த துணி தொவைக்க ஆள் இல்ல."

தன் துண்டைக்கூட லாண்டரிக்குப் போடும் அரிகரன், ஓசூர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.