முத்திரை இல்லையேல் அடுப்பில் போடவும்

ஜெராம்
9.12.1984

மதிப்பிற்குரிய சம்பந்தி அர்ஜுனன் அவர்களுக்கு,

ஜெராம் மளிகைக்கடை இருசப்பன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் மனைவி சின்னத்தாயும் மகள் லீலாவதியும் சுகம். ராவாங்கில் நீங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளை வாசுவும் சுகமா என்று கேட்பதற்கு முன், இதை எழுதுவது உண்மையிலேயே நான்தானா என்று நீங்கள் கேட்டிருக்க வேண்டும். போன மாதம் கேட்கவில்லை. வந்த வம்பெல்லாம் அதனால்தான்.

போன திங்கட்கிழமை கடை வாசலில் கருவாடு நிறுத்துக்கொண்டிருந்தேன். ராவாங் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும் நம்மூர் முருகையா வந்து, "என்ன முதலாளி, கல்யாணத்த ஆனிக்குத் தள்ளிட்டீங்களாமே, எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லலாம் லா" என்றான். யாருப்பா சொன்னா என்றேன். "நீங்கதான் சொன்னீங்க. கடுதாசி போட்டீங்களாம். உங்க சம்பந்தி கிராணி ஐயா மண்டபத்தக்கூட வேண்டாம்னுட்டாரு. ஆனியில எந்த முகூர்த்தம்னு கேட்டு வரச் சொன்னாரு. இந்தாங்க, உங்க கடுதாசி" என்று நீட்டினான். வாங்கிப் பார்த்தால் என் பெயர், என் கையெழுத்தைப் போல ஒன்று, மற்றபடி என்னுடையதைவிட நல்ல எழுத்து. தை இருபதாம் தேதித் திருமணத்தை ஒத்திவைக்கும்படி நான் தங்களைத் தாழ்மையுடன் கேட்டுக்கொண்டிருந்தேன். தாழ்மையுடன்! சரக்கு கொடுக்கிற மொத்த வியாபாரியிடம்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. அந்த ஒரு சொல்லிலேயே நீங்கள் சந்தேகப்பட்டிருக்கலாம். எப்படிய்யா நம்பினாரு என்று முருகையாவிடம் கேட்டதற்கு, "நாலு மூலையிலயும் மஞ்சள் தடவியிருக்குல்ல முதலாளி, மஞ்சள் தடவின கடுதாசியில யாரு பொய் எழுதுவாங்கன்னாரு" என்றான்.

சம்பந்தி, நீங்கள் முப்பது வருஷம் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். தாளில் இருப்பதை நம்புவது உங்கள் தொழில். நான் அதே தோட்டத்தில் கூலிக்காரர் குடியிருந்த லயத்தில் பிறந்து, சைக்கிளில் கருவாடு விற்றுக் கடை வைத்தவன். பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் உடைத்துப் பார்த்துத்தான் லோரியிலிருந்து இறக்குவேன். மஞ்சள் என் கடையில் மூன்றாவது டப்பாவில் இருக்கிறது. யார் கேட்டாலும் நிறுத்துக் கொடுப்பேன், எதற்கு என்று கேட்பதில்லை. நல்ல செய்திக்கு அது அழகு, அத்தாட்சி ஆகாது. இது முதல் தடவையும் இல்லை. போன வருஷம், இதை இருபத்தொரு பேருக்குப் படியெடுத்து அனுப்பாவிட்டால் மாடு செத்துவிடும் என்று என் பெயரில் ஒரு கடிதம் சுங்கை செம்பிலாங்கிலிருந்து சுங்கை புரோங் வரை சுற்றியது. அதற்குப் பிறகு நான் அனுப்பிய தீபாவளிச் சரக்குப் பட்டியலைக்கூட ஜனங்கள் பிரிக்காமலே எரித்தார்கள். ஒரு பொய்க் கடிதம் வந்தால் அடுத்து வருகிற பத்து உண்மைக் கடிதமும் கெட்டுப்போகிறது.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். இனி என் கடிதம் முருகையா கையால்தான் வரும். வேறு யார் கொண்டுவந்தாலும், தபால்காரரே கொண்டுவந்தாலும், அது என்னுடையது அல்ல. கோலசிலாங்கூரில் பித்தளை முத்திரை ஒன்று செதுக்கி வாங்கியிருக்கிறேன். உறையின் வாயில் அரக்கு ஊற்றி அதைப் பதிப்பேன். மாதிரி ஒன்றை அட்டையில் பதித்து முருகையாவிடம் கொடுத்தனுப்பினேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பாருங்கள். உள்ளே, மொத்தம் எத்தனை வரி என்று கடைசியில் எழுதியிருப்பேன். நடுவில் எவனாவது ஒரு வரி நுழைத்தால் எண்ணிக்கை காட்டிக்கொடுத்துவிடும். இவற்றில் ஒன்று தப்பினாலும் யோசிக்க வேண்டாம், அடுப்பில் போடுங்கள். இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது. யார் கொண்டுவந்தது என்று மட்டும் எனக்குச் சொல்லியனுப்புங்கள், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடனே போய் மண்டபத்தைத் திரும்பப் பிடியுங்கள். தை இருபது, மாற்றமில்லை. லீலாவதிக்கும் இதில் முழுச் சம்மதம்.

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். மாப்பிள்ளைக்கு எங்கள் ஆசி. உங்கள் வீட்டுக்கு வருகிற தாளெல்லாம் நல்ல தாளாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
இருசப்பன்

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி முடித்து, முத்திரை எங்கே என்று தேடினால் லீலாவதி கையில் இருக்கிறது. பதித்துக் கொடும்மா என்றேன். "இந்தக் கடுதாசிக்கு நான் குத்த மாட்டேன்ப்பா. முன்ன போனதுக்கு வேணும்னா குத்தறேன்" என்றாள். முன்னே போனது எது என்று கேட்டேன். "நான் எழுதினதுதான்ப்பா. மே மாசம் எனக்குத் தட்டச்சுப் பரீட்சை. பாஸ் பண்ணினா ராவாங் பேக்டரி ஆபீஸ்ல வேலை. தையில கல்யாணம்னா அப்புறம் எங்க படிக்கிறது? உங்க மாப்பிள்ளைக்கும் சொல்லிட்டேன், சரின்னுட்டாரு" என்றாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "ரெண்டு தடவ சொன்னேன். கருவாடு நிறுத்துக்கிட்டே சரி சரின்னீங்க" என்றாள். உள்ளேயிருந்து சின்னத்தாய், "ஆமா, சொன்னா. நானும்தான் கேட்டேன்" என்றாள்.

சரி என்று சொன்னது நானாகத்தான் இருக்கும். எனவே, முன்னால் வந்ததே என் கடிதம். அதையே ஒரு புது உறையில் போட்டு, அரக்கு வைத்து, முருகையாவிடம் கொடுத்திருக்கிறேன். வரிகள் பதினொன்று, எண்ணிக்கொள்ளுங்கள். தாழ்மையுடன் என்பதும் அதில் சேர்ந்ததுதான். மண்டபத்தை ஆனிக்குப் பாருங்கள்.

இந்தக் கடிதம் தபாலில் வருகிறது, முத்திரை இல்லை, வரியும் எண்ணவில்லை. அடுப்பில் போட்டுவிடுங்கள். பழைய பழக்கத்தில் உறையில் தபால்தலை ஒட்டியாகிவிட்டது, வீணாக்க மனம் வரவில்லை.