விலாங்கின் இதயமும் ஜலீலாவின் குலவையும்

பிசெர்த்,
வெள்ளிக்கிழமை

பெருமதிப்பிற்குரிய மன்னூபியா அக்காவுக்குத் தம்பி முன்ஸிஃப் பணிவுடன் எழுதுவது. உங்கள் முழங்கால் வலி இறைவன் அருளால் மாடிப்படி ஏறுமளவுக்காவது தணிந்திருக்கும் என நம்புகிறேன். என் மகள் ரிஹாபின் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அவைக்கு நீங்கள் வர இயலாததால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்:

1. அவளுடைய ஆய்வு.
2. அவைத் தலைவர் கேட்ட கேள்வி.
3. என் மைத்துனி ஜலீலா குலவையிட்டுக் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தது.
4. முடிவு.

முதலாவது. நம் ஏரி விலாங்கின் இதயத்தை வெளியே எடுத்து உப்புநீரில் வைத்தாலும் துடிக்கும். அட்ரினலின் பட்டால் இதயத் தசை வலுவாகச் சுருங்கும் என்று முப்பத்தொரு ஆண்டுகள் பள்ளியில் கற்பித்தேன். மாற்றி எழுதியவர்களுக்கு மதிப்பெண் குறைத்தேன். அவர்கள் என்னை மன்னிக்கட்டும். அட்ரினலினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பல வகையாம். பீட்டா என்ற வகையில் முதல் இரண்டும் தசையை முடுக்க, மூன்றாவது தளர்த்துமாம். அதை மட்டும் தூண்டும் மருந்தை ரிஹாப் விட்டதும் விலாங்கின் இதயத் துடிப்பு தளர்ந்ததாம்.

"அத்தான், இத்தனை விலாங்கு அறுத்தாளே, மிச்சத்தைத் தக்காளி போட்டு சமைச்சாளா?" என்று ஜலீலா கேட்டாள்.

இரண்டாவது. நம் குடும்பமே மூன்று வரிசைகளை அடைத்திருந்தது. தலைவர் கேட்டார்: "மருந்தால தளர்ந்துச்சுங்கிறீங்க. இதயமே செத்துக்கிட்டு இருந்துச்சுன்னு நான் சொல்றேன். மறுக்க முடியுமா?"

முடியாவிட்டால் ஐந்தாண்டு உழைப்பும் போயிற்று. என் மனைவி சலுவா என் மணிக்கட்டை நெரித்தாள். "என்னங்க, பிள்ளை முகம் வெளுத்துப்போச்சே!"

"தண்ணி குடிக்கிறா, அவ்வளவுதான்" என்றேன்.

ரிஹாப் குவளையை வைத்தாள். "முடியும் ஐயா. மூணாவது ஏற்பியை முதல்ல அடைச்சிட்டு அதே மருந்தை விட்டேன். தளரவே இல்லை. சாகிற இதயம்னா, எதை அடைச்சாலும் தளர்ந்துதானே ஆகணும்?"

மூன்றாவது. அவள் சொல்லி முடித்ததும் எங்கள் வரிசையிலிருந்து மெலிந்த, உடைந்த குரலில் ஒரு குலவை. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது கல்யாண வீடு இல்லை. இன்னொரு சத்தம் வந்தா அவையைக் கலைச்சிடுவேன்."

எல்லோரும் ஜலீலாவைத் திரும்பிப் பார்த்தார்கள். எந்தத் திருமணத்திலும் அவள்தானே முதலில் தொடங்குவாள்?

"என்னை ஏன் பாக்கிறீங்க? என் வாய் நிறைய மக்ரூத் இருக்கு!" என்று வாயைத் திறந்து காட்டினாள். இனிப்புப் பெட்டியை அதற்குள் திறந்துவிட்டிருந்தாள். நான் என் காலணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்பி என்றால் என்னவென்றே அறியாதவள், அந்த விடையின் அருமையை மட்டும் எப்படி உணர்ந்தாள் என்பதுதான் விளங்கவில்லை.

நான்காவது. நாற்பது நிமிடம் கதவடைத்துப் பேசிவிட்டு வந்து, மிக உயர்ந்த சிறப்புத் தகுதியுடன் நம் ரிஹாபை முனைவர் என்று அறிவித்தார்கள். தலைவர் என் கையைக் குலுக்கினார். "நீங்களும் ஆசிரியராமே? நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க." நான் சொல்லிக்கொடுத்தது இதற்கு நேர்மாறு என்று சொல்ல வாயெடுத்தேன், துணிவு வரவில்லை.

உங்களுக்கு நீண்ட ஆயுளும் நோயற்ற கால்களும் வாய்க்கட்டும்.

அன்புத் தம்பி,
முன்ஸிஃப்

பின்குறிப்பு: மூன்றாவது குறிப்பு தவறு. குலவையிட்டவன் நான். ஜலீலாவைக் கடிந்து எதுவும் எழுதிவிடாதீர்கள். எப்படி வந்ததென்று தெரியவில்லை. இன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி முயன்றேன், வரவில்லை.