ஆறு மாதுளை முத்துக்களும் முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளும்

சிரஞ்சீவி தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. முதல் வரியில் எல்லாரும் நலம் என்று எழுதிவிட்டு இரண்டாவது வரியில் ஆஸ்பத்திரியைப் பற்றி ஆரம்பிக்கிறவர்களை எனக்குத் தெரியும். நான் சரிபார்த்துக்கொண்டு எழுதுகிறேன். இன்று வெள்ளிக்கிழமை, மதியம் இரண்டு மணி நிலவரப்படி உன் மகளும் நானும் நலம். அவள் குளித்து, சாப்பிட்டு, தூங்குகிறாள். இப்போதுதான் அறைக் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

இன்று அவள் பள்ளிக்கு வரவில்லை என்று உனக்குத் தகவல் வந்து, நீ கப்பலிலிருந்து எனக்கு ஏழு முறை போன் செய்திருக்கிறாய். நான் எடுக்கவில்லை. நான் இருந்த இடத்தில் சிக்னல் கிடைக்காது. இப்போது நானே போன் செய்யலாம்தான், ஆனால் நீ இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "சரிக்கா, விஷயத்துக்கு வாக்கா" என்பாய், விஷயம் சிதறிப்போகும். நீ கடலிலும் உன் மனைவி வேறு ஊர் ஆஸ்பத்திரியிலும் வேலை பார்ப்பதால் பெண்ணை என்னை நம்பி விட்டிருக்கிறீர்கள். நேற்று மாலை ஐந்து மணி முதல் இன்று பகல் பன்னிரண்டு மணி வரை அவள் எங்கே இருந்தாள் என்று தெரிந்துகொள்ள உனக்கு உரிமை உண்டு. அவள் பாதாளத்தில் இருந்தாள். இடையில் நிறுத்தாமல் படி.

எங்கள் குடியிருப்புக்கு வரும் கூரியர்காரரைப் பற்றி உனக்கு எழுதியதில்லை. எழுதும்படி அவரிடம் ஒன்றும் இல்லை என்று நினைத்திருந்தேன். காலணியில் கணுக்காலுக்குப் பக்கத்தில் இரண்டு சிறிய இறக்கைகள் இருக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதைத்தான் மாட்டிக்கொள்வதில்லை என்று விட்டுவிட்டேன். உள்ளே வரும்போது மிதியடியில் துடைத்துக்கொண்டு வரச் சொன்னேன், அவ்வளவுதான். உன் மகள்தான் ஒருநாள், "அத்தை, அவரு நடக்கறதே இல்ல, கவனிச்சீங்களா? தரையிலேர்ந்து ரெண்டு இஞ்ச் மேல நிக்கறாரு. கிரேக்கக் கடவுள்களுக்குத் தூது போறவர் அவரு. அவங்க குடும்பமே இப்ப இந்த ஊர்லதான் இருக்கு" என்றாள். கிரேக்கக் கதைகளை எங்களுக்குக் கான்வென்டில் ஏழாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். பாதிக் கதையில் சிஸ்டர் புத்தகத்தை மூடிவிடுவார். அந்தக் குடும்பத்தாரின் நடத்தையைப் பற்றி எனக்கு அப்போதே நல்ல அபிப்பிராயம் இல்லை. அவர்களோடு நமக்கு என்ன பேச்சு, நீ பாடத்தைப் படி என்று சொல்லிவிட்டேன்.

நேற்று அந்தக் கூரியர்காரர் நம் வீட்டு வாசலில் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். முகவரியில் "கீழ்வீடு" என்று மட்டும் இருந்தது. அடுத்தவர் பொருள் நம் வீட்டில் ஒரு மணி நேரம்கூட இருக்கக்கூடாது என்பது என் கொள்கை என்று உனக்குத் தெரியும். பள்ளியிலிருந்து வந்து இன்னும் பையைக்கூடக் கழற்றாத பெண்ணிடம் பெட்டியைக் கொடுத்து, கீழ்வீட்டில் சேர்த்துவிட்டு வா என்று அனுப்பியது நான்தான். இதை மறைக்க நான் விரும்பவில்லை. கார் நிறுத்தும் இரண்டு தளங்களுக்கும் கீழே ஒரு வீடு இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? லிஃப்டில் எண் இல்லாத ஒரு பொத்தான் உண்டு. பழுது என்று நினைத்திருந்தேன்.

அரை மணி கழித்து இன்டர்காம் அடித்தது. "அத்தை, நான் கீழ இருக்கேன். பயப்படாதீங்க. இவங்க ரொம்ப நல்லவங்க. ஆனா ஒரு சின்னச் சிக்கல். மாதுளம்பழம் உரிச்சு வெச்சாங்க. ஆறு முத்து சாப்பிட்டேன். இங்க எது சாப்பிட்டாலும் முத்துக்கு ஒரு மாசமாம். வருஷா வருஷம் ஆறு மாசம் இங்கதான் இருக்கணுமாம்" என்றாள்.

"முன்பின் தெரியாத வீட்டுல எதுக்குடி சாப்பிட்ட?" என்றேன்.

"நீங்கதானே அத்தை சொல்லிருக்கீங்க, தட்டுல வெச்சுக் குடுத்ததை வேண்டாம்னு சொல்றது மரியாதை இல்ல, ஒரு வாயாவது சாப்பிடணும்னு. நான் மரியாதையா ஆறே ஆறுதான் எடுத்துக்கிட்டேன். மீதியை வெச்சுட்டேன்."

தம்பி, அறுபத்தொன்பது வயதில் என் பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னவள் உன் மகள் ஒருத்திதான். அவளுக்கு இறுதித் தேர்வு ஆரம்பிக்க இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. ஆறு மாதம் என்றால் இந்த வருடம் போயிற்று. அடுத்த வருடமும் ஆறு மாதம், அதற்கடுத்த வருடமும் ஆறு மாதம். பதினேழு வயதுப் பெண்ணுக்கு வாழ்க்கை பாதியாகிவிடும். நான் கற்றுக்கொடுத்த மரியாதையால் பாதியாகிவிடும். உடனே கிளம்பினேன். லிஃப்ட் கதவில் "பார்வை நேரம் காலை பத்து மணி முதல்" என்று பலகை மாட்டியிருந்தது. நேற்று காலை வரை அந்தப் பலகையே அங்கே இல்லை. இரவு முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். இன்று காலை பத்து அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது, கஞ்சி போட்ட புடவை கட்டிக்கொண்டு, குடையும் எடுத்துக்கொண்டு லிஃப்டின் முன் நின்றேன்.

லிஃப்டில் ஒரு கிழவர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். முன்பு இறந்தவர்களை ஆற்றைக் கடத்திவிடப் படகு ஓட்டியவராம். பிணத்தின் நாக்குக்கு அடியில் வைத்து அனுப்பும் காசுதான் அவர் கூலியாம். "நாக்குக்கு அடியில காசு வெச்சிருக்கீங்களாம்மா?" என்றார். "நாக்குக்கு அடியில தெர்மாமீட்டர் மட்டும்தான் வெப்பேன், அதுவும் கழுவிட்டு" என்றேன். அவர் பொத்தானை அழுத்தினார். கதவு திறந்ததும் ஒரு நாய். உடம்பு ஒன்று, தலை மூன்று. மூன்றும் ஒரே நேரத்தில் குரைத்தன. ஒவ்வொருத்தராகப் பேச வேண்டும் என்று குடையைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினேன். இரண்டு தலைகள் உடனே அடங்கின. மூன்றாவது கொஞ்சம் அடம். எந்த வகுப்பிலும் ஒன்று அப்படி இருக்கும்.

உள்ளே பெரிய அலுவலகம். இறந்தவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். வரிசை என்று அவர்கள் சொல்கிறார்கள். அது வரிசை இல்லை, கும்பல். கடைசி மேசையில் கறுப்புக் கோட்டுப் போட்ட நிர்வாகி. கதைகளில் பாதாள ராஜா என்று வருகிறவர் இவர்தான். பார்த்தால் ஓய்வுபெற இரண்டு வருடம் இருக்கிற தாசில்தார் மாதிரி இருந்தார். பக்கத்தில் அவருடைய மனைவி, அவர் வயதில் பாதிகூட இல்லாத பெண். உன் மகள் அந்தப் பெண்ணோடு சோபாவில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நிற்கும்போது கூன் இல்லாமல் நின்றாள், அதைக் கவனித்தேன்.

"விதி விதிதாம்மா. சாப்பிட்டவங்க தங்கணும்" என்றார் நிர்வாகி.

"அவ விருந்தாளியா வரல. உங்க ஆளு தப்பான வாசல்ல வெச்சுட்டுப் போன பொருளைக் கொண்டுவந்து குடுத்தா. தூது வந்தவங்களைப் பிடிச்சு வெக்கிற வழக்கம் உங்க ஊர்ல உண்டா? இருந்தா எழுதிக் குடுங்க. உங்க கூரியர்காரர் கையெழுத்தும் வேணும்" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். அந்தப் பெண், "என்னை ஏன் பாக்கறீங்க? எனக்கும் இதே பழத்தைத்தான் குடுத்தீங்க. எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் உங்ககூட முகம் குடுத்துப் பேசறதில்ல. இப்ப இந்த அத்தையும் சேந்துக்கணுமா?" என்றது. நல்ல பெண். நேரத்துக்கு வாயைத் திறக்கத் தெரிந்த பெண்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே ஒரு வழி இருக்கு. லிஃப்ட் கீழ மட்டும்தான் வரும், மேல போகாது. படியில போகணும். முந்நூத்திப் பன்னெண்டு படி. நீங்க முன்னாடி, பொண்ணு பின்னாடி. வெயில்ல கால் வெக்கிற வரைக்கும் நீங்க திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அவ இங்கயே தங்கிடணும், வருஷம் பூரா. முன்னாடி ஒருத்தர் பொண்டாட்டியைக் கூட்டிட்டுப் போக வந்தாரு. அருமையா யாழ் வாசிப்பாரு. கல்லும் அழும். கடைசிப் படியில திரும்பிட்டாரு."

"அவர் எந்தப் பள்ளிக்கூடம்?"

"தெரியாதுங்களே."

"அதான்" என்றேன்.

தம்பி, நான் பத்து வருடம் கான்வென்டில் வரிசையில் நடந்தவள். விடுதியிலிருந்து பிரார்த்தனைக்கு, பிரார்த்தனையிலிருந்து வகுப்புக்கு, ஒருவர் பின் ஒருவராக. பின்னால் ஒருத்தி மயங்கி விழுந்தாலும் முன்னால் போகிறவள் திரும்பக் கூடாது. பார்ப்பதற்குச் சிஸ்டர் இருக்கிறார். திரும்பினால் மதியம் வரை முற்றத்தில் நிற்க வேண்டும். நான் நின்றது ஒரே ஒரு தடவை, முதல் வாரத்தில். அதற்குப் பிறகு என் கழுத்து அந்த வேலையை மறந்துவிட்டது. அவருடைய படிவத்தை வாங்கி, அழைத்துச் செல்லப்படுவோர் எண்ணிக்கை என்ற இடத்தில் ஒன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, ஒருவருக்கு மேல் அழைத்துப்போக மாட்டேன் என்று வாக்கும் கொடுத்து, கையெழுத்துப் போட்டேன். எழுத்து குண்டு குண்டாக இருப்பதாகப் பாராட்டினார். நான் குடையை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ஏற ஆரம்பித்தேன்.

பின்னால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. அதுதான் அவர்களுடைய தந்திரம். நாற்பதாவது படியில் நாய் சிணுங்கியது. தொண்ணூறாவது படியில் உன் மகளின் குரலில் "அத்தை, விழுந்துட்டேன், ரத்தம் வருது" என்று கேட்டது. "கைக்குட்டை வெச்சிருப்பேல்ல, கட்டிக்கோ" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

நூற்று எழுபத்தோராவது படியில் வேறொரு குரல் கேட்டது. "இந்தாம்மா, கொஞ்சம் மெதுவாப் போயேன். முட்டி வலிக்குது."

என்னை இந்தாம்மா என்று கூப்பிட்ட மனிதர் ஒருவர்தான். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. அவர் இருக்கும் இடமும் அதுதான் என்பது, நம்பு தம்பி, அந்தப் படி வரைக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. உன் மகளைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் இறங்கியிருந்தேன். அந்தப் படியில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். சுவரில் ஒரு சுண்ணாம்புக் கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு சொன்னேன்: "வர்றதுன்னா பின்னாடியே வாங்க. நான் திரும்பமாட்டேன்."

பதில் வரவில்லை. மீதி நூற்று நாற்பத்தொரு படிகளையும் ஏறினேன். கடைசிக் கதவைத் தள்ளி வெயிலில் கால் வைத்ததும் உன் மகள் என்னைத் தாண்டி ஓடிவந்து முன்னால் நின்றாள். முட்டியில் கீறல்கூட இல்லை. "அத்தை, ஒரு தடவைகூடத் திரும்பலியே நீங்க. எப்படி அத்தை?" என்றாள். கழுத்து வலி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சாலையில் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற பழக்கம் எங்கள் இருவருக்கும் இல்லை, இருந்தாலும் விடவில்லை.

ஆகவே முடிவாகச் சொல்கிறேன். உன் மகள் இங்கேதான் இருப்பாள், இங்கிருந்துதான் தேர்வு எழுதுவாள். விடுதி, சித்தி வீடு என்று நீ எதையும் யோசிக்க வேண்டாம். பாதாளம் வரை போய்த் திருப்பிக் கொண்டுவந்தவளைவிடப் பத்திரமான ஆள் உனக்குக் கிடைக்கமாட்டாள். தட்டில் வைத்ததைச் சாப்பிடும் விதியை இன்று முதல் திருத்தியிருக்கிறேன்: யார் வீடு என்று தெரிந்த பிறகுதான் சாப்பிட வேண்டும். உன் அத்தானைப் பொறுத்தவரை, படியில் கேட்டது அவர் குரல் இல்லை, அந்த நிர்வாகியின் வித்தை. நான் ஒருவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், ஒருவரைத்தான் அழைத்துவந்தேன். என் வாக்கு வாக்குதான். இதைப் பற்றி நீ என்னிடம் பேச்செடுக்க வேண்டாம், ஆறுதலும் சொல்ல வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு. மேல்தளத்தில் காற்றில் நிற்காதே. உன் மனைவிக்கு இதைப் பக்குவமாகச் சொல். இரத்த அழுத்த மாத்திரை போட்ட பிறகு சொல். உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல புத்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: உறையை ஒட்டும்போது வாசல் மணி அடித்தது. மணி நாலு. கதவைத் திறந்தேன். உன் அத்தான் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். "உன் வேகத்துக்கு யாரால ஏற முடியும்?" என்றார். முந்நூற்றுப் பன்னிரண்டு படிகளுக்கு நாலு மணி நேரம் எடுத்திருக்கிறார். உயிரோடு இருந்தபோதும் அவர் வேகம் அதுதான். தூங்குவதாக நான் எழுதிய உன் மகள் அறையிலிருந்து எட்டிப்பார்த்து, "வந்துட்டாரா? நான்தான் அத்தை, அங்கங்க உக்காந்து உக்காந்து வாங்க மாமான்னு சொல்லிட்டு வந்தேன்" என்றாள். வாக்கைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். நான் யாரையும் அழைத்துவரவில்லை. பின்னால் யார் நடந்து வருகிறார்கள் என்று பார்க்கக் கூடாது என்றவர் அந்த நிர்வாகிதானே. மேலே எழுதியதை எல்லாம் கிழித்துக் கடலில் போட்டுவிடு. அப்படி ஒரு லிஃப்டும் இல்லை, படியும் இல்லை, நான் எங்கேயும் போகவில்லை. கீழேயிருந்து கறுப்புக் கோட்டுப் போட்ட எவராவது வந்து கேட்டால், முகத்தைப் பார்த்தே சொல்லப்போகிறேன்: இந்த வீட்டில் எப்போதுமே மூன்று பேர்தான்.