எந்த மெஷின் வேகம்?

கணக்கர் துரைக்கண்ணுவின் கணக்கு மெஷினில் கைப்பிடியை நாற்பது சுற்று சுற்றினால் ஒரு தறிக்கு எத்தனை கிராம் பட்டு என்று தெரியும். மெட்ராஸ் ஏஜென்ட் குமாரவேல் கொண்டு வந்திருந்த கரண்டு மெஷினில் ஒரு பொத்தானை அமுக்கினால் போதும்.

"வாசல்ல பாத்தியா? நீ பட்டுக்குச் சீட்டு எழுதித் தர்ற வரைக்கும் நெசவாளிங்க நின்னுக்கினே இருக்காங்க," என்றார் நெசவாளர் சங்கச் செயலாளர் சபாபதி. "இது வேகமா இருந்தா நாளையிலேந்து நீ சாயப்பட்டறைக்குப் போயிடு."

துரைக்கண்ணு அங்கிருந்து வந்தவர்தான். கொதிக்கும் சாயத்தில் ஆறு வருஷம் பட்டு முக்கியதில் உள்ளங்கை ரேகை போய்விட்டிருந்தது.

"ஒரு கணக்குல வேகம் தெரியாது சார். இன்னிக்கு இருக்கற இருபது தறிக்கும் அவரும் போடட்டும், நானும் போடறேன்."

துரைக்கண்ணு மூன்று சீட்டு எழுதுவதற்குள் குமாரவேல் பதினொன்று எழுதிவிட்டார். அப்போது விளக்கு மங்கியது. கரண்டு மெஷின் முனகி நின்றது.

"வோல்டேஜ் கம்மி. ஃபேனை நிறுத்துங்க சார்," என்றார் குமாரவேல்.

நிறுத்தினார்கள். மெஷின் ஓடியது. துரைக்கண்ணுவுக்குக் கை வியர்த்துக் கைப்பிடி வழுக்கியது. துண்டைச் சுற்றிக்கொண்டார். துண்டு பல்சக்கரத்தில் சிக்கிக்கொண்டது.

"வுடுப்பா, நான் இழுக்கறேன்," என்று சபாபதி இழுத்தார். துண்டோடு கைப்பிடியும் வந்துவிட்டது.

"இப்ப எப்பிடி சார் சுத்துறது?"

"குறடு இருக்குதில்ல? புடிச்சி சுத்து."

பதினெட்டாவது சீட்டில் கரண்டு மெஷின் மறுபடி முனகியது. குமாரவேல் விளக்கை அணைத்தார். போதவில்லை. மெயின் பெட்டியைத் திறந்து எதையோ தட்டினார். பெட்டியில் பட்டென்று புகை வந்தது.

"ஒரு பத்து நிமிஷம் சார், ஃபியூஸ் போட்டுடறேன்."

"போடுங்க, நான் முடிச்சிடறேன்," என்றார் துரைக்கண்ணு. குறடு உள்ளங்கைத் தோலை உரித்தது. ஒரு மணி நேரமாகியும் குமாரவேல் பெட்டியை விட்டு நகரவில்லை; துரைக்கண்ணு விடாமல் சுற்றி இருபதாவது சீட்டையும் எழுதிவிட்டார்.

"மொத்த நேரத்தைப் பாத்தா உன் மெஷின்தான்பா வேகம்," என்றார் சபாபதி. "நாற்காலி உனக்கேதான். போய் சீட்டைக் குடு, பாவம், எவ்ளோ நேரம் நிப்பாங்க."

இருவரும் வாசலுக்கு வந்தார்கள். அங்கே நெசவாளி ஒருவரும் இல்லை. கிடங்கில் பட்டு எடுத்துக் கொடுக்கும் கமலவேணி கிடங்குக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கம்மா எல்லாரும்?"

"நான் வந்து கதவைத் தொறந்ததும் பட்டை வாங்கிக்கினு போய்ட்டாங்க சார். எல்லாத் தறிக்கும் மூணு சேலைப் பாவுதான், அதுக்கு இவ்ளோ பட்டுன்னு கட்டியே வெச்சிருக்கோம், எட்டு வருஷமா யாரு சீட்டைப் பாத்து குடுத்தா?"